நம்பரம்மா

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பேர் நம்பரம்மா. கிண்டலுக்கு வைத்ததுதான். அவள் கழுத்தை நொடித்துக்கொண்டு, இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

வார்டு உதவியாளர் வேலை. மூன்று மாதம் சோதனைக்காலம். காலையில் ஆள் மாறும்போது யார் எப்படி இருக்கிறார்கள் என்று, பிழைக்க வந்த அந்த ஊர் மொழியில் ஒப்பிக்க வேண்டும். அங்கேதான் அவளுக்கு நாக்கு தடுமாறியது. நம் பேச்சில் ஆணோ பெண்ணோ, மரியாதைக்கு எல்லாரும் 'அவங்க'தானே. அந்த மொழியில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தவளை ஆணாக்கினாள். பார்க்க வந்த மீசைக்காரப் புருஷனைப் பெண்ணாக்கினாள். வார்டே சிரித்தது. தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சோதனை முடியற இந்த மாசக் கடைசிவரை பார்ப்பேன். திருந்தலேன்னா துணி துவைக்கிற இடத்துக்குப் போயிடு."

வீட்டில் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டே ரெண்டு வார்த்தைம்மா! சின்னப் பிள்ளைங்க சொல்லுது."

"சின்னப் பிள்ளைங்ககிட்ட நோயாளியை ஒப்படைக்கிறாங்களா? போடி."

மறுநாளே அந்த இரண்டு வார்த்தைகளையும் தலைமுழுகினாள். "நாலாம் கட்டில் தூங்குச்சு. நாலாம் கட்டிலுக்குக் காய்ச்சல் இல்ல. அஞ்சாம் கட்டில் நடந்துச்சு." வாய் திறந்தால் கட்டில் எண். கேட்டவர்களுக்குக் காது புளித்துப்போனது.

மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் ஒப்பித்தது தலைமை நர்ஸே. "நாலாம் கட்டில் அம்மா அஞ்சாம் கட்டில் அம்மாகூட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இன்னைக்கு ஆபரேஷன். சாப்பாடு குடுக்காதீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"யாருக்கு?" என்றாள் நம்பரம்மா.

"அதான் சொன்னேனே, அவங்களுக்குன்னு."

"நம்பர் சொல்லுங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்சுதே. உனக்குத்தான் மொழி வரல."

சாப்பாட்டு வண்டி நகரத் தொடங்கியது. நம்பரம்மா குறுக்கே போய் நின்றாள். வேலை போனால் போகட்டும்.

"புரிஞ்சவங்க எல்லாரும் கட்டிலைக் கை காட்டுங்க. அப்புறம் வண்டி போகட்டும்."

மூன்று கை நாலாம் கட்டிலைக் காட்டியது. இரண்டு கை அஞ்சாம் கட்டிலைக் காட்டியது. கை நீட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அஞ்சு," என்றாள் தலைமை நர்ஸ். குரல் இறங்கியிருந்தது.

அந்த இரண்டில் நாலாம் கட்டிலுக்கு மட்டும் தட்டு போனது.

மாதக் கடைசியில் தலைமை நர்ஸ் அவளுடைய சோதனைக்காலத் தாளில் கையெழுத்துப் போட்டாள். "வார்டுலயே இரு. ஆனா ஒழுங்காப் பேசக் கத்துக்க."

"கத்துக்கிறேங்க. நம்பரை மட்டும் விட மாட்டேன்."