புடலங்காய்க்குப் பூட்டு

மாடியில் பெயிண்ட் வாளிக்குள் நான் வளர்க்கும் புடலங்கொடியில் ஒரு பிஞ்சு சுருளத் தொடங்கியிருந்தது. நுனியில் கட்டத் தோதான கல் கிடைக்கவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு சின்னப் பூட்டு அகப்பட்டது. கையில் எடுத்ததும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அது அப்பாவின் சட்டை வாசனை.

அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில், ஓட்டைக் குடங்களில் மண் நிரப்பி அம்மா புடலை போட்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்பதால், அரிசி கழுவிய தண்ணீரில்தான் அது வளர்ந்தது. காய் நேராக நீள ஊரெல்லாம் கல்லைக் கட்டும். அப்பா பட்டறையில் கழித்துப்போட்ட சின்னப் பூட்டுகளைக் கட்டினார். காற்றடித்தால் பந்தல் முழுக்கக் கிணுகிணுக்கும்.

ஒருநாள் வீட்டுக்காரர், மாடி ஒழுகும், குடங்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மேலேறி வந்தார். பந்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏப்பா, காய்க்கெல்லாமா பூட்டுப் போடுவீக? அம்புட்டுக் களவாணிப் பயலுகளா இருக்கோம் நாங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்பா முகம் மாறாமல் சொன்னார்: "உங்களுக்கில்லண்ணே, அணிலுக்கு."

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வந்த காரியம் மறந்துபோனது. அம்மா அறுத்துக் கொடுத்த காயைப் பூட்டோடேயே தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு குடங்களைப் பற்றி அவர் பேசவேயில்லை.

பிஞ்சில் பூட்டைக் கட்டி முடித்தபோது, என் மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதுக்குச் சாவி எங்கப்பா?"

நானும் முகம் மாறாமல் சொன்னேன்: "அணில்ட்ட இருக்கு."