திருமண நாள் காணிக்கை

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, அறிவிப்புகள் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தில் பிறந்தநாள் காண்கிறவர்களையும் திருமண நாள் காண்கிற தம்பதியரையும் செயலாளர் பெயர் சொல்லி முன்னால் அழைப்பார். அவர்கள் போய்ப் பீடத்துக்கு எதிரே வரிசையாக நிற்பார்கள். சபை எழுந்து ஒரு சரணம் பாடும். ஆயர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். திண்டிவனத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஆராதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட இந்த நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் என்ன புடவையில் போகிறார்கள் என்று பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கூட்டத்தைக் கண்டாலே கூச்சம். “எதுக்கு இத்தினி பேரு முன்னால போய் நின்னுக்கினு? கவரைத் தட்டுல போட்டா ஆண்டவருக்குத் தெரியாதா?” என்பார். தை மாதம் எங்கள் கல்யாண நாள் வரும்போதெல்லாம் நான் முழங்கையால் இடித்துத்தான் அவரைக் கிளப்ப வேண்டும். போய் நின்றபிறகு மட்டும், உயரமான மனிதர் என்பதால், ஆயருக்குக் கை எட்டட்டும் என்று தலையை நன்றாகக் குனிந்துகொள்வார். இந்தக் குனிவைப் பார்ப்பதற்காகவே நான் இடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். மாரடைப்பு. சபை என்னைக் கைவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியைத் தூக்கியவர்களில் செயலாளரும் ஒருவர். மறு தையில் நான் எழுந்து கோயிலுக்குப் போகிற நிலையிலேயே இல்லை. அடுத்த ஐப்பசி வந்ததும் செயலாளர் தானாகவே போன் செய்தார். “அம்மா, ஐயாவோட நினைவு நாள் வருதுங்க. அறிவிப்புல போட்டுக்கறேன், குடும்பத்தோட வந்துடுங்க.” போனோம். முன்னால் அழைத்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு தை பிறந்தது. எங்கள் கல்யாண நாள் சரியாக ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. வழக்கமாகச் சனிக்கிழமை சாயங்காலம் செயலாளரிடமிருந்து போன் வரும். அன்றைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் செத்த நாளை ஞாபகம் வைத்திருந்தவருக்கு, அவர் என்னைக் கட்டிக்கொண்ட நாள் மறந்துபோய்விட்டது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். கூப்பிடாவிட்டால் என்ன, நானே போகிறேன் என்று முடிவு செய்தேன்.

பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்தேன். எங்களில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுதான். ஓரத்தில் மெல்லிய ஜரிகை, அது கொஞ்சம் கறுத்திருந்தது. காலையில் அதைக் கட்டிக்கொண்டு, காணிக்கைக் கவரின் மேல் ‘திருமண நாள் நன்றிக் காணிக்கை’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்க டைப் அடித்தவள் நான். என் எழுத்து யாருக்கும் புரியாமல் போனதில்லை. கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்த செயலாளர் கையிலேயே கவரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அறிவிப்பு நேரம் வந்தது. பிறந்தநாள் பிள்ளைகளையும், முதல் திருமண நாள் காண்கிற ஒரு ஜோடியையும் அழைத்தார். அவர்கள் எழுந்து முன்னால் போனார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்ம மோட்டார் கடை ஐயாவோட நினைவு நாள் காணிக்கையை அம்மா குடுத்திருக்காங்க. குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்க ஜெபிச்சுக்குவோம்” என்றார்.

நினைவு நாளா? முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. எழுந்து நேராகச் செயலாளரிடம் போனேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கவர்ல என்னாங்க எழுதியிருக்குது?”

“பார்த்தேன்மா. ஏதோ நெனப்புல தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். வெள்ளப் பொடவையில வேற வந்திருக்கீங்க. அதான் மாத்திப் படிச்சேன்.”

அவர் கெட்டவர் அல்ல. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார், அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. என் கல்யாணப் பட்டு அவர் கண்ணுக்குக் கைம்பெண் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. நான் எழுதியதை, நான் கொடுத்ததை, நான் வாழ்ந்ததை அவர் எனக்காகத் திருத்திவிட்டார். ஒரு பெண்ணின் புருஷன் செத்தால் அவள் கல்யாணமும் முன்தேதியிட்டு ரத்தாகிவிடுமா? தன்னிடம் இருந்ததையெல்லாம் காணிக்கையாகப் போட்ட விதவையைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் செய்கிறார்கள். விதவையின் காணிக்கை இனிக்கிறது, அதை என்ன காரியத்துக்குக் கொடுக்கிறாள் என்று அவள் சொன்னால் மட்டும் கசக்கிறது.

நான் இருக்கைக்குத் திரும்பவில்லை. போய் வரிசையில், அந்த இளம் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உடனே அவளுடைய மாமியார் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். மருமகளின் முழங்கையைப் பிடித்து, புருஷனுக்கு அந்தப்புறமாக நகர்த்தி நிறுத்தினார்.

“இப்டி நில்லு கண்ணு. அங்க ஃபேன் காத்து வராது.”

தை மாதக் காலையில் ஃபேன் காற்றாம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், நாம் சகுனம் பார்க்கிறவர்கள் அல்ல, நல்ல நேரம் கெட்ட நேரம் நமக்குக் கிடையாது என்று வாய் ஓயாமல் பேசுகிற அம்மாள் இவர். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததே ஒரு சபை, அதைத்தான் சொல்ல வேண்டும். நல்ல காரியத்தில் கைம்பெண் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எந்தப் பீடத்திலிருந்தும் யாரும் பிரசங்கித்ததில்லை. ஆனாலும் கோயில் முழுக்க அது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது.

சரணம் பாடி முடித்தார்கள். ஆயர் பிள்ளைகளுக்கு ஜெபித்தார், ஜோடிக்கு ஜெபித்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். விழுப்புரம் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. குனிந்து, மெதுவான குரலில் சொன்னார்.

“அம்மா, ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்றேன்ங்க. இது தம்பதியருக்கு. நீங்க ரெண்டு பேரும் குடுத்த வாக்கே மரணம் பிரிக்கிற வரைக்கும்தானுங்களே.”

“ஆமாங்கய்யா. அது முடிஞ்சுபோச்சு. முடியிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதைக் காப்பாத்தினோம். அறுப்புப் பண்டிகைக்கு மல்லாட்டை மூட்டை கொண்டாந்து வெக்கறாங்களே, அன்னிக்கு அவங்க நெலத்துல என்ன இருக்குது? எல்லாத்தையும் புடுங்கினப்புறம்தானே கொண்டாந்து நன்றி சொல்றாங்க. வெறும் நெலத்துக்காரன் நீ ஏன் வந்தேன்னு யாராச்சும் கேட்டீங்களா?”

மைக் இப்போது ஆயர் கையில் இருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஆயர் என் தலையில் கைவைத்தார். “கண்ணீரைத் துடைக்கிற ஆண்டவரே, தனிமையில் வாடும் உம்முடைய மகளுக்கு...” என்று ஆரம்பித்தார். மறுபடியும் நினைவு நாளேதான். நான் கண்ணைத் திறந்தேன்.

“நான் அழறதுக்கு வரலீங்கய்யா. நன்றி சொல்லுங்க.”

அவர் என் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறந்தவருக்காக ஜெபிக்க அவருக்குத் தெரியும், மணந்தவருக்காகத் தெரியும், இறந்தவருக்காகத் தெரியும். நன்றாக வாழ்ந்து முடிந்த ஒரு கல்யாணத்துக்கு என்ன சொல்லி ஜெபிப்பது என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

“என்ன சொல்லணும்னு சொல்லுங்கம்மா. சொல்றேன்.”

“விழுப்புரத்துலேந்து நான் லேட்டா வர்ற நாள்லல்லாம், கடையை மூடிட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு. மழை பேஞ்சாலும் நிப்பாரு. வந்தியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு, பையை வாங்கிக்குவாரு. அதுக்கு நன்றி சொல்லுங்க.”

ஆயர் அதை ஒரு வார்த்தை விடாமல் மைக்கில் சொன்னார். பஸ் ஸ்டாண்டு, மழை, பை, எல்லாமும். நான் தலையை நன்றாகக் குனிந்துகொண்டேன். ஆமென் என்று நான்தான் முதலில் சொன்னேன். சபை கொஞ்சம் தாமதித்துச் சொன்னது.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் சபைப் பத்திரிகை வந்தது. திருமண நாள் காணிக்கை என்ற பகுதியில் அந்த இளம் ஜோடி மட்டும் இருந்தது. என் காணிக்கை நினைவு நாள் பகுதியில், கறுப்புக் கட்டத்துக்குள் அச்சாகியிருந்தது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

“போடறதுக்கு வேற எடம் இல்லீங்கம்மா,” என்றார் அவர். “ஜோடிங்களோட போட்டா பாக்கறவங்க பேசுவாங்க. எதுல போட்டா என்ன, ஐயாவை நெனச்சுக்கறதுதானே?”

“இல்லீங்க,” என்றேன். “அவரு செத்ததுக்கு ஐப்பசியில ஒரு நாள் குடுத்துட்டேன். அது உங்க எல்லாருக்கும். தை மாசத்து நாள் எங்களுது. அதை எடுத்து இந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ள போடாதீங்க.”