எண்ணெய்ச்சட்டி வைத்த வீடு

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் ஒரு புனிதருடையது. எங்கள் சந்து வைத்த பெயர் தின்னிப்பண்டாரம். இரண்டில் எது பொருந்தியது என்பதை என் பேண்ட் அளவைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது, முதல் துண்டு யாருக்கு என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் இரண்டாவது துண்டில் இருப்பேன். கல்கல் என்கிற பலகாரம் ஒன்றை மட்டும் தொடமாட்டேன். ஏன் என்று கேட்டால் சர்க்கரை வியாதி என்பேன். சொல்லிக்கொண்டே பக்கத்துத் தட்டிலிருக்கும் அல்வாவை எடுப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ராயபுரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். இந்த வரிசையில் ஐந்து வீடு, எதிர்வரிசையில் நான்கு வீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். டிசம்பர் பிறந்தால் ஒன்பது வாசலிலும் நட்சத்திரம் தொங்கும். இருபதாம் தேதிக்கு மேல் ஒன்பது கதவும் மூடிக்கொள்ளும். உள்ளே எண்ணெய்ச்சட்டி ஏறிவிட்டது என்று அர்த்தம். அதிரசம் வேகும்போது அடுத்தவர் கண் பட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும் என்பது எங்கள் சந்தின் விஞ்ஞானம். எல்லா வீட்டு எண்ணெயும் ஒரே நேரத்தில் காய்வதால் எந்த வாசனை எந்த வீட்டுடையது என்று பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியாது. என் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல.

பண்டிகை அன்று காலைப் பூசை முடிந்ததும் பலகாரத் தட்டுகள் வீடு வீடாகக் கிளம்பும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். ஒரே ஒரு வருஷம், எனக்கு ஏழு வயதானபோது, கடைசி வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. அந்த வீட்டுக்காரர் அக்டோபரில் செத்துப்போயிருந்தார். அவர்கள் நட்சத்திரமும் கட்டவில்லை, சட்டியும் வைக்கவில்லை. எட்டு வீட்டுப் பலகாரமும் முந்தின நாளே அங்கே போய்க் குவிந்தது. சட்டியைத் தூக்கி இறக்க ஆம்பிளை இல்லாததால் இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் தட்டை அவர்கள் வெறுந்தட்டாகத் திருப்பியபோது, இவங்களுக்கு மரியாதையே தெரியாதா என்று அவர்கள் வாசலிலேயே கேட்டேன். அம்மா என் தொடையைத் திருகி இழுத்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் அந்த வீட்டிலிருந்து தட்டு அப்படித்தான் வரணும் என்று மட்டும் சொன்னாள். வெறுந்தட்டு எனக்கு மறந்துபோனது. குவிந்த பலகாரம் மறக்கவில்லை. அந்த வீட்டுப் பையன் பொங்கல் வரைக்கும் டவுசர் பையில் அச்சுமுறுக்கோடு பள்ளிக்கு வந்தான். அப்படி ஒரு வாழ்வு எனக்கு எப்போது வரும் என்று ஏங்கினேன்.

இரண்டு வருஷத்தில் வந்தது.

அப்பா விசைப்படகில் டிரைவர். நவம்பரில் அவரையும் சேர்த்து ஆறு பேரோடு வடக்கே போன படகு, புயல் அடித்து ஓய்ந்த பிறகும் கரை திரும்பவில்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அவரும் கடல்தொழில்தான், வேறொரு படகை எடுத்துக்கொண்டு ஆந்திரக் கரை வரைக்கும் எட்டு நாள் தேடினார். படகின் பெயர்ப்பலகையில் பாதியோடு வந்து சேர்ந்தார். அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. பெரியப்பா தன் வீட்டில் கட்டிலுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். கூடப்போன மற்ற ஐந்து பேர் வீட்டிலும் டிசம்பர் பாதிக்குள் அழுது முடித்து, முப்பதாம் நாள் பூசையும் வைத்துவிட்டார்கள். எங்கள் வீடுதான் பாக்கி.

அம்மா தினமும் சாயங்காலம் அப்பாவின் போனுக்கு அடிப்பாள். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கச் சொல்வாள். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்வாள்.

"கேட்டியா? எல்லைக்கு அந்தாண்ட கீறாராம். இல்லன்னு சொல்லல" என்பாள் அம்மா.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா?

பூசைக்குக் கோயிலில் பெயர் கொடுக்கட்டுமா என்று பெரியப்பா மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள். மூன்றாவது முறை அவர் வந்தபோது வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அது என் கைவேலை. வருஷாவருஷம் மூங்கில் பிளாச்சைச் சீவி, காத்தாடி பேப்பர் ஒட்டி அப்பாதான் செய்வார். அந்த வருஷம் அம்மா என்னைச் செய்யச் சொன்னாள். ஐந்து முனையில் ஒன்று குட்டையாகவும் ஒன்று மடங்கியும் போய், உள்ளே பல்பு எரிந்ததும் பெரிய கடம்பா மீனை, அதாவது கணவாயை, கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. சந்துப் பிள்ளைகள் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். பெரியப்பா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊரில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று மெதுவாகச் சொன்னார்.

"பாக்கட்டும் மாமா. பாக்கறதுக்குத்தான் கட்டிகீறேன்" என்றாள் அம்மா.

பிறகு கல்கல் போட்டாள். மைதாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, கோலிகுண்டு அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சிப்பி போல வரும். அதற்கென்று டிசம்பரில் ஒரு கறுப்புச் சீப்பு வாங்குவோம். பண்டிகை முடிந்ததும் அது அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விடும். பொங்கல் வரைக்கும் அவர் தலையில் லேசாகத் தேங்காய்ப்பால் வாசனை அடிக்கும். அந்த வருஷமும் அம்மா அதே மாதிரிச் சீப்பைத் தேடி வாங்கி வந்தாள். பண்டிகைக்கு அப்புறம் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்றேன். உங்கப்பாவுக்கு வேணும் என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் சுட்டோம். நான் சுருட்டியதில் பாதி சிப்பி, பாதி அட்டைப்பூச்சி. எல்லாமே வெந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அடைத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டு, நாளைக்குப் பூசை முடிந்ததும் எட்டு வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நீதான் கொண்டுபோகணும், அதுவரைக்கும் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்தாள்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அம்மா துறைமுகத்துக்குப் போனாள். பண்டிகைக்காக, கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் பண்ணுகிற படகுகள்கூட அன்றைக்குக் கரைக்கு வந்துவிடும். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் வீட்டுக்கும் டின்னுக்கும் காவல்.

அவள் தலை மறைந்ததும் எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவள் கையில் தட்டு இல்லை. அது எனக்கு ஏமாற்றம். அவள் உள்ளே எட்டிப்பார்க்காமல், குனிந்து என் காதோடு கேட்டாள்.

"டேய், உங்கம்மா எண்ணெய்ச்சட்டி வச்சாங்களாடா?"

சந்துக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. நட்சத்திரத்தை, பிள்ளை ஆசைக்குக் கட்டினது என்று சொல்லிவிடலாம். எண்ணெய்ச்சட்டியைப் பிள்ளை ஆசைக்கு யாரும் வைக்கமாட்டார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு கணக்குதான். ஆமாம் என்றால், நாளைக்கு வீட்டுக்கு வீடு நாலு முறுக்கு. இல்லை என்றால், இன்றைக்கே கடைசி வீட்டுப் பையனின் வாழ்வு.

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணுமே சுடல."

அதோடு விட்டிருக்கலாம். கோயிலில் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையனாக நடிக்க எனக்கு இடம் தராத கோபம் வேறு இருந்தது. மூக்கை உறிஞ்சி, "அம்மா அழுதுகினே கீறாங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் எட்டுத் தட்டு வந்தது. பண்டிகைத் தட்டென்றால் ஒரே சத்தமாக வரும். இந்த வீட்டு அதிரசத்தை அந்த வீடு கிண்டல் பண்ணும். அன்றைக்கு ஒவ்வொருத்தியும் முந்தானையால் மூடிக்கொண்டு வந்து, தரையில் வைத்துவிட்டு, மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். நான் அவள் தோளுக்கு மேலாக அச்சுமுறுக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. தரையில் வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடா சொன்ன அவங்களாண்ட?"

சொன்னேன். சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடி விழவில்லை. பாலன் பிறக்கிற நாளில் அடிக்கக்கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறது போல என்று நினைத்தேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி டின்னை இறக்கினாள். எட்டுத் தட்டிலும் இருந்த பலகாரத்தை ஒரு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் கல்கல்லைக் குவித்தாள். கொட்டின வேகத்தில் கீழே உருண்டதை அவள் குனிந்து எடுக்கவில்லை. அதை நான் எடுத்தேன்.

"எங்க அம்மா சுட்டாங்கன்னு சொல்லிக் குடு. ஒரு வூடு வுடாத."

எட்டு வாசலிலும் சொன்னேன். எங்கேயும் சந்தோஷம் இல்லை. எதிர்வீட்டு அக்கா தட்டை வாங்கிக்கொண்டு, அதிலிருக்கும் கல்கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணும் சுடலன்னியேடா, பாவி" என்றாள். அவள் திட்டியதைவிட, அந்தக் கல்கல்லில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அட்டைப்பூச்சி வடிவத்தைப் பார்த்துத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது பெரியப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒன்பதாவது தட்டு. பெரியம்மா சுட்ட அதிரசம். சந்தில் யாரோ சொல்லி, அவரும் கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது. வந்த இடத்தில், நான் தெருவெல்லாம் கல்கல் கொடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார்.

"எட்டு நாள் நான் தேடிகீறேன்மா" என்றார். "எனக்கு மட்டும் ஆசையா? நான் தோள்ல தூக்கி வளத்தவன் அவன். நீ ஒத்துக்கலன்னு எவனும் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் ஒரு பூசைகூட இல்லாம கெடக்கறாம்மா. மத்த அஞ்சு பேருக்கும் ஆயிடுச்சு. இவன் மட்டும் தனியா கெடக்கறான்."

அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, படகெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"வந்துடுச்சி" என்றாள். "கடைசி போட்டையும் பாத்துட்டுத்தான் மாமா வரேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குடிலுக்குச் சீரியல் பல்பு மாட்டி, அது பாட்டுப் பாட ஆரம்பித்தது. எனக்கு அங்கே நிற்பது பேஜாராக இருந்தது. டின்னை எட்டிப் பார்த்தேன். அடியில் இன்னும் ஒரு தட்டுக்குக் காணும் கல்கல் இருந்தது. பெரியப்பா தட்டுக்கு அது போய்விடும், எனக்கு மிஞ்சாது என்று வயிறு எரிந்தது.

அம்மா குனிந்து பெரியப்பாவின் தட்டை எடுத்தாள். அதிரசத்தை எங்கள் பாத்திரத்தில் கொட்டினாள். டின் பக்கம் போகவில்லை. தட்டில் ஒட்டியிருந்த எண்ணெயை முந்தானையால் ஒரு முறை துடைத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"பெரிம்மாவாண்ட குடுத்துட்டு வா."

"வெறுந்தட்டா?" என்றேன்.

"வெறுந்தட்டுதான்."

பெரியப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதை நின்று பார்க்க நேரமில்லை. டின்னில் இருக்கும் கல்கல் முழுவதும் எனக்குத்தான் என்று ஆகிவிட்டதே. தட்டைக் கப்பல் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டு, வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு, அப்பா ஓட்டுகிற மாதிரியே வளைத்து வளைத்து அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

பெரியம்மா வாசலில் கோலமாவில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அப்படியே அந்த மாக்கோலத்தின் மேலேயே உட்கார்ந்து, தட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓங்கி அழ ஆரம்பித்தாள்.

கல்கல்லுக்காக ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவாள் என்று நான் நினைக்கவேயில்லை. டின்னில் இருப்பதை மறைத்துவிட்டு வந்தது எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது. அவள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, அழாத பெரிம்மா, எங்க வூட்ல இன்னும் கீது, நாளைக்கு உனக்கு மட்டும் தனியா கொண்டாந்து தரேன் என்று சொன்னேன்.