கணவன் என்பதற்கு ஓர் எண்

மீரா சாகிப் அபுதாபியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடம் நோயாளிகளை எண்களாக மாற்றும் வேலை பார்த்தவர். அங்கே அறுவை சிகிச்சைக்கு வந்தவரின் நோய், வயது, சர்க்கரை உண்டா, என்ன அறுவை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுதியில் போடுவார்கள். பணம் அந்தத் தொகுதிக்கு. பிரான்சிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பார். காரைக்காலில் நாங்கள் இருவரும் உட்காரும் தனியார் மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் அறுவையின் பெயருக்கு ஒரு பேக்கேஜ், அதாவது யாராக இருந்தாலும் ஒரே தொகை, அவ்வளவுதான்.

"இங்க ஆளப் பாக்க மாட்டாங்க தம்பி. அறுத்த எடத்தத்தான் பாப்பாங்க" என்று சிரிப்பார்.

போன தை மாதம் ஒரு காலை பத்து மணிக்கு அம்பகரத்தூரிலிருந்து மங்கையர்க்கரசியைக் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டு எலும்பு தெரியப் பிளந்திருந்தது. அறுந்த தசைநாண்கள் வெள்ளையாகத் தொங்கின. மதியத்துக்குள் தைத்தால்தான் விரல்கள் மடங்கும் என்றார் டாக்டர்.

"கதிர் அறுக்கையில பட்டுடுச்சுங்க" என்றான் உடன் வந்த அவள் கணவனின் அண்ணன்.

"ஊரெல்லாம் மெஷின் அறுப்பு. ஒங்களுக்கு மட்டும் அருவாளா?" என்றாள் நர்ஸ் பிரதீபா.

உள்ளே மங்கையர்க்கரசி அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். கணவன் கருப்பையன் அவள் கழுத்தைக் குறிவைத்து அரிவாளை வீசியிருக்கிறான்; கையை நீட்டித் தடுத்திருக்கிறாள்.

பிரதீபா சொன்னதை மீரா சாகிப் பழக்கதோஷத்தில் அப்படியே பதிந்தார். தாக்குதல், கூரிய ஆயுதம், வெட்டியவர் கணவன். அபுதாபியில் கணவன் என்பதற்கே தனி எண் உண்டு. எங்கள் மேசையில் வெட்டியவர் யார் என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து உடனே பதில் வந்தது: போலீஸ் பதிவு இல்லாமல் அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்காது.

"விபத்துன்னு மாத்திடுங்க பாய், பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றேன். என் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்த படிப்பு அந்த நேரத்தில் இதைத்தான் சொல்லித் தந்தது. அதையும் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்காரன் காதில் விழுந்தது. வெட்டு என்றே பதிந்திருப்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "எந்தம்பிய உள்ள தள்ளுறியா?" என்று கீபோர்டைப் பிடுங்கி மீரா சாகிப்பின் வாயில் அடித்தான். பல் உடைந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துத் தலையைக் கவுண்டர் கண்ணாடியில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. மூன்று பேர் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்த வேண்டியிருந்தது.

மீரா சாகிப் வாயில் கைக்குட்டையை அமுக்கியபடி மங்கையர்க்கரசியிடம் போனார். நானும் போனேன்.

"விபத்துன்னு போட்டா இப்பவே தச்சுடுவாங்கம்மா. உள்ளதப் போட்டா போலீஸ் வர்ற வரைக்கும் கை காத்துக் கெடக்கணும். நீ சொல்லு."

"விபத்துன்னா அந்த வீட்டுக்குத்தானே அனுப்புவீங்க?"

அவர் கைக்குட்டையைத் திருப்பி மடித்து மறுபடி வாயில் வைத்தார்.

"இந்தத் தடவ கைய நீட்டுனேன். அடுத்த தடவ நீட்டக் கை இருக்காதுங்க பாய். உள்ளதையே போடுங்க."

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு வந்து எழுதி முடித்து, தியேட்டர் திறந்தபோது மூன்றரை மணி. கருப்பையனை மாலையில் மோட்டார் கொட்டகையில் பிடித்தார்கள்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் மடங்குகின்றன. மற்ற மூன்றும் விறைத்தே இருக்கின்றன. வீட்டுக்குப் போகும் நாளில் அவளிடம் சொன்னேன்: "அன்னக்கி மாத்தியிருந்தா அஞ்சும் மடங்கியிருக்கும்க்கா."

"மடங்கியிருக்கும். அஞ்சு வெரலாலயும் அவனுக்குத்தான் சோறு போட்டுருப்பேன்" என்றாள். பிறகு, கோட்டுச்சேரியில் அக்கா வீட்டுக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.