நசீமுன்னிசா வளர்க்கும் திருடி

சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நசீமுன்னிசா மெல்ல உருட்டுகிறார். உள்ளே ஈரப் பஞ்சை ஒட்டி ஓர் எறும்பு. "இருவத்திமூணு நாள் ஆச்சு. ஒரு முட்டை இல்ல," என்கிறார், ஷூ ஒரு ஜோடி குறைவதைச் சொல்லும் குரலில்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருடமாகத் தரம் பார்க்கும் செக்கர். தோலில் பழைய தழும்பு, தையலில் ஓர் இழை விலகல் என எதுவும் தப்பாது; சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். ஒழுகும் குழாயில் ஓர் அம்பு, கணவர் ஷபீ அஹமதுவின் சட்டையில் பொத்தான் தெறித்த இடத்தில் ஓர் அம்பு. இவருக்கு எறும்புகள்மேல் அன்பு என்று துணிந்து சொல்லமாட்டேன். குறை தேடும் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வேண்டும். அதற்காகப் பிரியாணி டப்பா ஒன்றில் இரண்டு வருடமாகக் கட்டெறும்புக் கூட்டம் வளர்க்கிறார்.

குழாயில் இருக்கும் இந்த ராணி எறும்பு கம்பெனி பஸ் ஜன்னலில் கிடைத்தது. அதுவும் கட்டெறும்பு ராணிதான் என்று நம்பி, குழாயில் அடைத்து இருட்டில் வைத்துவிட்டார். முட்டை வராமல் போன பிறகே லென்ஸை எடுத்தார். ஒடுங்கிய வயிறு, பிள்ளை வளர்க்கும் அளவுக்குக் கொழுப்பு இல்லை. முதுகில் இரண்டு கொக்கிகள். போனில் படம் படமாக ஒப்பிட்டு முடிவுக்கு வந்தார்: ஒட்டுண்ணி ராணி. அடுத்த இனத்தின் கூட்டில் புகுந்து, அங்கிருக்கும் ராணியைக் கொன்று, அவளுடைய வேலைக்காரிகளை வைத்தே தன் பிள்ளைகளை வளர்ப்பவள். வேலைக்காரிகள் கிடைக்காவிட்டால் சாவுதான்.

"திருடின்னு தெரிஞ்சிபோச்சு இல்ல? வெளிய வுட்ரு," என்றார் ஷபீ.

"கம்பெனில ரிஜெக்ட் பண்றது பத்தாதா? வூட்லயும் ஆரம்பிச்சா மொதல்ல யார் போவாங்க தெரியுமா?"

ஷபீ பொத்தானில்லாத சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

நசீமுன்னிசா டப்பாவிலிருந்து ஐந்து வேலைக்கார எறும்புகளைப் பொறுக்கினார். பெரிய தலை, பளபளக்கும் கறுப்பு, நல்ல சுறுசுறுப்பு. "ஏ கிரேடு," என்று ராணியோடு விட்டார். ஏ கிரேடு ஒரே நிமிடத்தில் ராணியின் காலொன்றைத் துண்டித்தது. இடுக்கியால் பிரித்தெடுத்தபோது ராணி பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். வைத்த தேனையும் தொடவில்லை.

நான்கு நாள் நசீமுன்னிசா வேலை முடிந்து வந்ததும் லென்ஸோடு குழாய் முன்னால் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் காலை, சப்பாத்தி மாவு பிசையும்போது தானாகவே சொன்னார்: "சீனியருங்க, யார்ரீ நீன்னுதான் கேப்பாளுங்க. நேத்து சேர்ந்த பொண்ணுங்களுக்கு இன்னா தெரியும்? எதுருல யார் நின்னாலும் மேடம்தான்."

அன்று லீவு போட்டார். சூப்பர்வைசர் பரணிதரன் போன் செய்தார்.

"இன்னாக்கா, ஷிப்மெண்ட் டைம்ல லீவு? ஒடம்பு சரியில்லியா?"

"வூட்ல ஒருத்தி நாலு நாளா சாப்டல தம்பி," என்று வைத்துவிட்டார்.

பிறகு டப்பாவைத் திறந்தார். அப்போதுதான் கூட்டுப்புழு உறையைக் கிழித்து வெளிவந்த குஞ்சுகள். நிறம் ஏறாமல், கால் நிற்காமல் தள்ளாடுபவை. கம்பெனியில் இப்படி ஒன்று கைக்கு வந்தால் மூன்று அம்பாவது ஒட்டியிருப்பார். ஒவ்வொன்றையும் தூரிகை நுனியில் ஏற்றி, தேனில் வாய் வைக்கவிட்டு, குழாய்க்குள் இறக்கினார். ஆறு.

அவை திசை தெரியாமல் திரிந்தன. ஒன்று ராணிமேல் முட்டி நின்றது. உணர்கொம்புகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. வெளிறிய அந்தக் குஞ்சு தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தது. ராணியின் வாய் அதைத் தேடி வந்தது. இரண்டுக்கும் நடுவில் கடுகளவு ஒரு துளி தேன் மின்னியது.

பின்னாலிருந்து ஷபீ எட்டிப் பார்த்தார். "இன்னா, மறுபடி கடிச்சி..."

நசீமுன்னிசா திரும்பவில்லை. குழாயைப் பிடித்த வலது கை அசையாமல் இருக்க, இடது கை பின்னால் நீண்டு, தடவிப் பார்த்து, கணவரின் வாயைப் பொத்தியது.