எங்க கெளம்பிட்டீக?

பழங்காநத்தத்தில் ஒரு தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முத்துத்தாய்க்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். தெருவை விட்டு யார் வெளியே போனாலும், "எங்க கெளம்பிட்டீக?" என்று கேட்டுவிடுவாள். கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது ஊரறிந்த சங்கதி. அவளுக்கும் தெரியும். வாய் நிற்க வேண்டுமே! பதினெட்டு வருஷமாகத் திட்டு வாங்கியும் திருந்தாத ஜென்மம்.

அதிகம் திட்டுகிறவர் நாலாம் வீட்டுச் சிவனாண்டி. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனிக்கட்டை. முத்துத்தாய் கேட்டதும் அவளை வைதுகொண்டே வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அவர் திட்டாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவர் கசங்கிய சட்டையோடு வந்தார். வழக்கம்போலக் கேட்டாள். அவர் திட்டவில்லை. தரையைப் பார்த்தபடி, பேங்குக்கு என்று முனகிவிட்டு நடந்தார்.

முத்துத்தாய் யாருடைய பேண்டிலோ பெட்டியை வைத்தது வைத்தபடி ஓடினாள். அந்தப் பேண்ட் கருகிய கதை தனி. வழியை மறித்துக் கேட்டாள்.

"ஏண்ணே, என்னய வையாமப் போறீக?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையில் இருந்த போனிலிருந்து ஒரு குரல், யாரிடமும் பேசக்கூடாது என்று அதட்டியது. போலீஸாம். விடிந்ததிலிருந்து வீடியோவில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அவர் பேரில் கேஸாம். சேமிப்பு முழுவதையும் அவர்கள் சொல்கிற கணக்குக்கு அனுப்பாவிட்டால் கைதாம். எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார்.

அவள் போனை உருவினாள். "ஏப்பா, உங்க ஸ்டேஷன் எங்க இருக்கு? தெருவே கெளம்பி வாரோம்" என்றாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அவர் மொடமொடப்பான சட்டையில் வந்தார். பாவம், நொந்துபோன மனுஷன், இன்றைக்காவது போகிற காரியம் விளங்கட்டும் என்று முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தேய்த்தாள். வண்டியைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து நின்றார்.

"ஏத்தா, எங்க போறேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா வைவீகளே."

"வைவேன். நீ கேளு."