இரண்டு அழுத்து, ஒரு மணி

என் அக்காவுக்குக் கைதான் பார்க்கும், கண் சும்மா ஊர் சுற்றும். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, அவள் வேலையே அப்படி. ரெடிமேட் துணிகள் தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். தைத்து வருகிற சட்டைகளின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போவாள். வாய் பக்கத்து மேசைக்காரியோடு வம்பளந்துகொண்டிருக்கும். எங்காவது ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். வீட்டிலும் அதே புத்திதான். ஆசையாக ஒரு தலையணை உறை வாங்கிக் கொடுத்தால், நல்லாயிருக்கு என்று சொல்வதற்கு முன்னால் தையலைத் தடவிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தான் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று, கை கால் போயிற்று. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அது அசைகிறதா இல்லையா என்று கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாலும் தெரியாது. மறுவாழ்வு மையத்திலிருந்து பயிற்சி கொடுக்க வருகிற பெண் அந்த விரலுக்காக ஒரு பொத்தானைக் கொண்டுவந்தார். லேசாகப் பட்டாலே அழுந்தும். அதன் யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் செருகிவிட்டால், ஒரு முறை அழுத்தினால் ஒரு மணி அடிக்கும், அது ஆமாம். இரண்டு முறை அழுத்தினால் இரண்டு மணி, அது இல்லை. அவ்வளவுதான் அத்தானுக்குப் பேச்சு. அதை வைத்துக்கொண்டே புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுச் சமாதானமும் ஆவார்கள். நான் காதால் கேட்டிருக்கிறேன்.

லேப்டாப் என்னுடையது, தூக்கிப் போட வைத்திருந்தது. அதைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனால், குளித்துத் தலை துவட்டி வரும்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் கடைக்காரர் பழைய சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போட்டு, மணியடிக்கிற நிரலையும் ஏற்றிக் கொடுத்தார்.

"இது பல பேர் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவா எழுதினதும்மா. எதையும் மூடி மறைக்காது. கேட்டா சொல்லும். கேக்கத்தான் தெரியணும்" என்றார்.

அக்கா கேட்கக் கற்றுக்கொண்டாள். கட்டளை எழுதுகிற கருப்புத் திரையைத் திறந்து, கீரை ஆய்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவாள். புரியாவிட்டால் கடைக்காரரைப் போனில் பிடிப்பாள். அவரும் சலித்துக்கொள்ளாத மனுஷன்.

கொஞ்ச நாளாக அத்தானின் பதில்கள் கோணலாக வர ஆரம்பித்தன. தண்ணீர் வேண்டுமா என்றால் சத்தமே இருக்காது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் ஒரு மணி அடிக்கும். போய்ச் சாத்தினால் முகம் சுண்டிப்போகும். முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டோம். அக்கா வேறு துளையில் செருகிப் பார்த்தாள், வயரை மாற்றினாள், துளையைப் பஞ்சால் துடைத்தாள். லேப்டாப்பில் என்னென்ன செருகியிருக்கிறது என்று கருப்புத் திரையில் கேட்டாள். பொத்தான் இருக்கிறது என்றுதான் அதுவும் சொன்னது. கடைக்காரர் நேரில் வந்து பொத்தானைத் தட்டினார்: டக் டக் டக் டக். மணி கணகணவென்று அடித்தது. நான் தட்டினேன், அடித்தது. பயிற்சிப் பெண் தட்டினார், அடித்தது. மெஷின்மேல் குற்றமில்லை என்றால் மிச்சம் விரல்தானே.

பயிற்சிப் பெண் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டார். "சார், இதை அழுத்தறது உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருக்கு போல. நான் எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

ஒரு மணி அடித்தது.

பயிற்சிப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது. "இதுக்காக வேற ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையாட்டினாள். அத்தான் எங்களோடு பேச்சை முடித்துக்கொள்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் காலை அக்கா லீவு போட்டாள். "கொடுக்கறதுக்கு முன்னாடி நானே ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் விரல்மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, பொத்தானைக் கொடுத்துடட்டுமா?"

ஒரு மணி அடித்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று தன் விரலைப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள்.

"என்னக்கா ரெண்டு?"

"ரெண்டு தடவை அழுத்தினார்டி."

"மணி ஒண்ணுதானே அடிச்சுது?"

"மணி கிடக்குது. என் கைக்கு ரெண்டு வந்துச்சு." அவரிடம் திரும்பினாள். "ஏங்க, நான் உங்க பொண்டாட்டிதானே?"

சத்தமே இல்லை.

"இப்போ ஒண்ணு" என்றாள் அக்கா.

கடைக்காரரைப் போனில் பிடித்தோம். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு நீளமான கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பொத்தான் இந்த நிமிஷம் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்கிற கட்டளை அது. திரையில் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை வந்தது. சஸ்பெண்டட்.

"சஸ்பெண்டா? அப்படி என்ன தப்பு பண்ணிச்சாம்?" என்றேன் நான்.

"தூங்குதும்மா" என்றார் கடைக்காரர். "யாரும் தொடலைன்னா கரண்ட்டை மிச்சம் பிடிக்க உடனே தூங்கிடுது. முதல் அழுத்து அதை எழுப்பறதோட சரி, உள்ளே போய்ச் சேராது. அடுத்ததுதான் சேரும். நான் படபடன்னு தட்டினேன், ஒண்ணு தொலைஞ்சது எனக்கே தெரியலை. பவர் சேமிக்கிற மாதிரி ஏதாவது போட்டீங்களா?"

"போட்டேனே" என்றாள் அக்கா. "வெளியில மரத்தடிக்கு அழைச்சுட்டுப் போனா பேட்டரி பாதியில நின்னுடுது. அங்கேயும் பேசட்டுமேன்னு நான்தான் போட்டேன்."

நாங்கள் எல்லாரும் கதவு தட்டுகிற மாதிரி தட்டினோம். அத்தானுக்கு ஓர் அழுத்து என்பது ஒரு மூட்டை தூக்குகிற வேலை. ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு; மூன்றாவதுக்குத் தெம்பு கிடையாது. ஆகவே அவர் சொன்ன ஆமாமெல்லாம் காற்றோடு போயிற்று. அவர் சொன்ன இல்லையெல்லாம் ஆமாம் ஆகிவிட்டது.

அக்கா உடனே சரிசெய்துவிடவில்லை. அந்த வார்த்தை திரையில் மாறிக்கொண்டே தெரியும்படி ஒரு கட்டளையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டாள். "ஒரு தடவை அழுத்துங்க" என்றாள் அவரிடம். மணி அடிக்கவில்லை. ஆனால் திரையில் தூக்கம் கலைந்து, ஆக்டிவ் என்று வந்தது. சற்றுப் பொறுத்துத் தூங்கிப்போயிற்று. மறுபடி அழுத்தச் சொன்னாள். மறுபடி விழித்தது.

இத்தனை நாளும் இந்த மனுஷர் ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம். தன் பதில் தலைகீழாக ஒலிப்பதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்விக்கும் உள்ள தெம்பையெல்லாம் கூட்டி உண்மையான பதிலை அழுத்தியிருக்கிறார். நானாக இருந்தால் ஒரே நாளில் போங்கடா என்று விட்டிருப்பேன். எங்கிருந்து வந்தது இவருக்கு இவ்வளவு பொறுமை? அதை ஒரு விரல்நுனியால் கண்டுபிடித்தாளே, இவளை நான் என்னவென்று சொல்ல? இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பொத்தான் இனிமேல் தூங்கக் கூடாது என்று ஒரே வரியில் உத்தரவு போட்டாள் அக்கா.

"கொடுத்துடட்டுமா?"

இரண்டு மணி அடித்தது.

நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "ஐயோ, நல்லவேளை!" என்று அவர் அழுதுகொண்டே சிரித்தார். காத்திருக்கிறவருக்கு வேறு பொத்தான் கேட்டு வாங்கிவிடலாம், சாரிடம் இருப்பது சாரிடமே இருக்கட்டும் என்றார். அதைச் சொல்ல உள்ளே வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா தரையில் மண்டியிட்டு, கட்டில் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்மேல வெறுப்பா?"

இரண்டு மணி அடித்தது.

"முன்னாடி ஒருநாள் இதையே கேட்டப்போ ஒண்ணுதானேங்க அடிச்சுது" என்றாள். "அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் தினமும் உங்களைக் குளிப்பாட்டினேன். சோறு ஊட்டினேன். யார்கிட்டயும் சொல்லலை."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். இரண்டு மணி. இன்னொரு தடவை கேட்டாள். அத்தான் அலுக்காமல் இரண்டு முறை அழுத்தினார்.